கொழும்பில் மனநல சிகிச்சை: தரத்தை யார் பார்க்கிறார்கள், நாம் யாரிடம் கேட்பது?

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு மாதத்தில் இரண்டு மூன்று தரமாவது இப்படி ஒரு போன் வரும். ஹட்டனிலிருந்து, வவுனியாவிலிருந்து, மட்டக்களப்பிலிருந்து. சொந்தக்காரர், இல்லையென்றால் சொந்தக்காரரின் சொந்தக்காரர். "அக்கா, மகனைக் கொழும்பில ஒரு இடத்தில சேர்த்திருக்கிறம். நல்ல இடமோ எண்டு எப்பிடிப் பார்க்கிறது? சரியில்லை எண்டால் யாரிட்டப் போறது?" என் தம்பிக்குப் பல வருடமாக வருத்தம் இருப்பதும், அவனோடு நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். போனில் துண்டு துண்டாகச் சொன்னதை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இது. மனநல சேவைகளை மட்டும் கண்காணிப்பதற்கென்று நம் நாட்டில் தனியான ஆணைக்குழு கிடையாது. சுகாதார அமைச்சில் மனநலப் பணிப்பகம் இருக்கிறது. கொள்கையும் திட்டமும் அதன் வேலை. கண்காணிப்பு பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. கட்டடத்தையும் பதிவையும் ஒருவர் பார்க்கிறார், வைத்தியரை இன்னொருவர், மருந்தை இன்னொருவர், மனித உரிமையை வேறொருவர். அதனால் நம்முடைய ஒரு பிரச்சினையை நாமே பிரித்து, எந்தத் துண்டு யாருக்குரியது என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். இது புரியாமல் ஒரே கடிதத்தைப் பத்து இடத்துக்கு அனுப்பினால், பத்து இடத்திலிருந்தும் "இது எமது விடயப்பரப்புக்குள் அடங்காது" என்றுதான் பதில் வரும்.

ஆள் ஆபத்தில் இருந்தால், முறைப்பாடு பிறகு

தன் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்ற நிலை என்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பேசுவதற்கும் வழி கேட்பதற்கும் 1926, இது அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணிநேரமும் இயங்குகிறது. மற்றதெல்லாம் ஆள் பாதுகாப்பான பிறகு.

படி 1: அந்த இடம் யாருடையது?

பலர் தவறவிடுவது இதைத்தான். அரச வைத்தியசாலை என்றால் எல்லாம் ஒரே அரசு என்று நினைக்கிறோம். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு வைத்தியசாலைகள் இரண்டு கைகளில் இருக்கின்றன. அங்கொடை தேசிய மனநல நிறுவகம், கொழும்பு தேசிய வைத்தியசாலை, களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை, பிள்ளைகளுக்கான லேடி றிட்ஜ்வே வைத்தியசாலை போன்ற பெரிய இடங்கள் நேரடியாக மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருபவை. அமைச்சின் தலைமையகம் மருதானைப் பக்கம் உள்ள சுவசிரிபாய. சிறிய பிரதேச வைத்தியசாலைகள் மேல் மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வருபவை. அவற்றுக்கு மேலே இருப்பவர் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். கொழும்பு மாநகர சபைக்கும் சொந்தமாக மருந்தகங்கள் உண்டு.

சந்தேகம் இருந்தால் ஒரு சுலபமான வழி: வைத்தியசாலையின் கடிதத் தலைப்பைப் பாருங்கள். மத்திய அமைச்சா, மாகாண சபையா என்பது அங்கே அச்சிடப்பட்டிருக்கும். ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

தனியார் இடமும், போதைப்பொருள் புனர்வாழ்வு நிலையமும் வேறு பாதை. அவற்றுக்கு அடுத்த படி.

படி 2: தனியார் இடமா? சுவரில் உள்ள சான்றிதழைப் பாருங்கள்

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின்படி, பதிவுச் சான்றிதழ் இல்லாமல் தனியார் வைத்தியசாலையோ சிகிச்சை நிலையமோ நடத்த முடியாது. பார்ப்பது தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தற் சபை. விண்ணப்பம் மாகாண சுகாதாரப் பணிப்பாளர் ஊடாகப் போகும். இந்தப் பதிவை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். இந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

தம்பியைச் சேர்க்கலாம் என்று ஒருவர் சொல்லி, நகருக்கு வெளியே ஒரு தனியார் விடுதிக்கு நானும் அம்மாவும் போனோம். வாசலில் ரோஜாச் செடி, வெள்ளைச் சுவர், வரவேற்பறையில் குளிரூட்டி. அம்மாவுக்கு இடம் பிடித்துவிட்டது. காசாளர் மேசைக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ் இருந்தது. மேசையைச் சுற்றிப் போய், கிட்ட நின்று வாசித்தேன். வருடம் போன வருடமும் இல்லை, அதற்கும் முந்தியது. கேட்டதற்கு, "புதுசு வந்துகொண்டிருக்கு மிஸ்" என்றார்கள். சரி, வந்ததும் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு அம்மாவை எழுப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான், "நீ அதைப் பார்த்திருக்காட்டி நான் பார்த்திருக்க மாட்டன்" என்றார்.

சான்றிதழில் மூன்றைப் பாருங்கள்: நிறுவனத்தின் பெயரும் விலாசமும் நீங்கள் நிற்கும் இடத்தோடு பொருந்துகிறதா, எந்த வகையான நிறுவனமாகப் பதியப்பட்டிருக்கிறது, எந்த வருடத்துக்கு. ஆட்களைத் தங்கவைக்கும் இடம், வெறும் ஆலோசனை நிலையமாகப் பதிந்திருந்தால் அது பெரிய கேள்வி. கண்ணுக்குத் தெரியாவிட்டால் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நம் பிள்ளையை இராத்தங்க விடப்போகிறோம்.

போதைப் பழக்கத்துக்கான நிலையம் என்றால் சட்டமே வேறு. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அப்படிப்பட்ட நிலையங்களுக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் உரிமம் வேண்டும். அவர்களின் இலக்கம் 1927. மனநோயும் போதைப் பழக்கமும் சேர்ந்து இருக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் பெரும்பாலும் இந்த மாதிரி வீடுகளில்தான் கொண்டுபோய் விடுகிறார்கள். அடி உதை நடக்கும் என்று தெரிந்தும், "திருந்தட்டும்" என்று விடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடி எந்தச் சட்டத்திலும் சிகிச்சை கிடையாது.

படி 3: முன்னால் இருப்பவர் யார்?

"டொக்டர்" என்று எல்லோரையும் சொல்லிவிடுகிறோம். மனநல வைத்திய நிபுணர் மருத்துவப் பட்டத்துக்கு மேல் சிறப்புப் பயிற்சி முடித்தவர். மனநல மருத்துவ அதிகாரி என்பவர் அந்தத் துறையில் வேலை செய்யும் வைத்தியர். இருவரும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சபையின் இணையத்தளத்தில் பெயரையோ பதிவு இலக்கத்தையோ போட்டுப் பார்க்கலாம். நேரில் போவதென்றால் கொழும்பு 10, நொரிஸ் கெனல் வீதி. மருந்துச் சிட்டையில் முத்திரைக்குக் கீழே பதிவு இலக்கம் இருக்கும், அதையும் பார்க்கலாம்.

உளவளத்துணையாளர், ஆலோசகர் என்ற பெயர்ப்பலகைகள் பற்றிக் கொஞ்சம் கவனம் தேவை. மிக நல்லவர்கள் இருக்கிறார்கள். என் தம்பி இன்று பகல் வேலைக்குப் போகிறான் என்றால் அதில் ஒருவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் வைத்தியருக்கு இருப்பதுபோல அந்தப் பெயரைக் காக்கும் இறுக்கமான சட்டப் பதிவு இல்லை. எங்கே படித்தீர்கள், எத்தனை வருடப் பயிற்சி, உங்களுக்கு மேற்பார்வை செய்பவர் யார் என்று கேளுங்கள். நல்லவர் கோபிக்க மாட்டார். யாராவது ஆலோசகர் மருந்தை நிறுத்தச் சொன்னால், நிறுத்துவதற்கு முன் மருந்து எழுதிய வைத்தியரிடம் போங்கள்.

படி 4: எப்படிச் சேர்த்தார்கள், எதில் கையெழுத்து வைத்தீர்கள்

நம் நாட்டில் மனநோயாளரைச் சேர்ப்பதற்கான அடிப்படைச் சட்டம் 1873ஆம் ஆண்டினது. இடையில் திருத்தங்கள் வந்தன, 1956இல் வந்தது முக்கியமானது. புதிய சட்டத்துக்கான வரைவுகள் பல வருடமாகப் பேச்சில் இருக்கின்றன. இன்றைய நோயாளியை வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

அந்தச் சட்டப்படி சேர்வதற்கு வழிகள் மூன்று என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம்: தானாக விரும்பிச் சேர்வது, விருப்பத்தைச் சொல்ல முடியாத நிலையில் உள்ளவரை வைத்தியர் பரிந்துரையோடு தற்காலிகமாகச் சேர்ப்பது, மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையின் பேரில் சேர்ப்பது. உங்கள் ஆள் எந்த வழியில் உள்ளே இருக்கிறார் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வருவது எப்படி என்பது அதைப் பொறுத்தது.

அப்புறம், மொழி. தம்பியை முதன்முதலில் சேர்த்த அன்று இரவு ஒரு விடுதியில் அம்மாவிடம் சிங்களத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். அம்மா சிங்களம் பேசுவார், வாசிக்க மாட்டார். தாதி விரலால் கோடு காட்ட, அம்மா அதில் கையெழுத்து வைத்தார். எதற்கு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் நான் போய்க் கேட்டபோதுதான், மின் அதிர்ச்சி சிகிச்சைக்கான சம்மதம் என்று தெரிந்தது. அந்தச் சிகிச்சை தம்பிக்கு உதவியது, அதை மறைக்கவில்லை. ஆனால் தெரியாமல் வைத்த கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயர் இல்லை. மயக்கமருந்து கொடுத்துத்தானே செய்வார்கள், முன்னே எத்தனை மணிநேரம் சாப்பிடக் கூடாது, பிறகு மறதி வருமா என்றெல்லாம் அம்மா கேட்டிருப்பார், அவருக்குப் புரியும் மொழியில் யாராவது சொல்லியிருந்தால்.

அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம், சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும் அரச அலுவலர்களோடு தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமையை நமக்குத் தருகிறது. ஆகவே, "தமிழில் படிவம் இருக்கா? இல்லாவிட்டால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கோ, விளங்கின பிறகு வைக்கிறன்" என்று சொல்லலாம். சண்டைக் குரல் வேண்டாம். பெரும்பாலான விடுதிகளில் தமிழ் தெரிந்த ஒரு தாதியோ சிற்றூழியரோ கிடைப்பார். வாசிக்காமல் வைத்தே ஆகவேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் "படிவம் தமிழில் விளக்கப்படவில்லை" என்று தமிழிலேயே எழுதித் திகதி போடுங்கள். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அது இராஜகிரியவில், பாஷா மந்திரயவில் இருக்கிறது.

படி 5: நல்ல இடம் என்றால் எது?

முறைப்பாடு செய்ய வேண்டுமென்றால் எதை அளவுகோலாக வைப்பது? உலக சுகாதார நிறுவனம் 2012இல் மனநல நிலையங்களின் தரத்தையும் உரிமையையும் அளக்க ஒரு கருவித் தொகுப்பை வெளியிட்டது. அதில் ஐந்து தலைப்புகள்: வாழும் இடமும் சாப்பாடும் மனிதருக்கு ஏற்றதா, உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் சரியான சிகிச்சை கிடைக்கிறதா, தன் விடயத்தில் தானே முடிவெடுக்க விடுகிறார்களா, அடி, கட்டிவைத்தல், அவமானம் இல்லாமல் இருக்கிறதா, வெளியே போய்ச் சமூகத்தில் வாழ உதவுகிறார்களா. பார்வையாளர் நேரத்தில் போகும்போது இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா? குளித்த உடுப்பா? இரவில் யாராவது கட்டிவைக்கப்படுகிறார்களா? அவரிடமே கேளுங்கள். "வருத்தக்காரன் சொல்றதை நம்பலாமோ" என்று நம்மவர்களே கேட்பது எனக்குத் தாங்க முடியாதது. சத்தம் கேட்கிறது என்று சொல்பவருக்கு, நேற்று இரவு யார் அடித்தது என்று நன்றாகவே தெரியும்.

மருந்து பற்றி இரண்டு விடயம். குளோசபின் கொடுத்தால் தொடக்க மாதங்களில் வாராவாரம் இரத்தப் பரிசோதனை செய்து வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். சிலருக்கு அது ஆபத்தாகக் குறையும். லித்தியம் என்றால் இரத்தத்தில் அதன் அளவோடு சிறுநீரகமும் தைராய்டும் பார்க்கப்பட வேண்டும். மாதக்கணக்கில் இவை நடக்கவில்லை என்றால் கேட்க வேண்டியது உங்கள் கடமை. கிளினிக் கொப்பியில் திகதி இருக்கும். அந்தக் கொப்பியை ஒவ்வொரு முறையும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வையுங்கள், தொலைந்தால் வருடங்கள் தொலைந்த மாதிரி.

படி 6: எழுதுங்கள்

வாய்ச்சொல்லுக்கு அலுவலகத்தில் கோப்பு திறக்க மாட்டார்கள். முதலில் விடுதித் தாதி, பிறகு நிபுணர், பிறகு வைத்தியசாலைப் பணிப்பாளர். பெரிய வைத்தியசாலைகளில் தர முகாமைத்துவப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பணிப்பாளருக்கு எழுதும் கடிதத்தின் பிரதியை அங்கேயும் கொடுங்கள். பல விடயங்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும், அதை அனுபவத்தில் சொல்கிறேன்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்? "தம்பியை மிருகம் மாதிரி நடத்தினார்கள்" என்று எழுதினால் நம் மனம் ஆறும், வாசிப்பவருக்கு விசாரிக்க ஒன்றும் இருக்காது. "12ஆம் திகதி இரவு 9 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணிவரை இரண்டு கைகளும் கட்டிலில் கட்டப்பட்டிருந்ததாகத் தம்பி கூறினார். 13ஆம் திகதி பார்வையாளர் நேரத்தில் இரு மணிக்கட்டிலும் சிவந்த தழும்பைப் பார்த்தேன். கட்டிவைக்க உத்தரவிட்டது யார், அது பதியப்பட்டதா, இடையில் யார் வந்து பார்த்தார்கள் என்று அறிய விரும்புகிறேன்" என்று எழுதினால் விடுதிப் பதிவேட்டைத் திறந்தே ஆக வேண்டும். ஒரு கடிதத்தில் ஒரு விடயம். தமிழில் எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு ஒட்டி வையுங்கள்.

அனுப்புவதற்கு முன் உங்கள் ஆளிடம் கேளுங்கள். முறைப்பாடு அவருடைய வாழ்க்கையைப் பற்றியது. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது; வருத்தம் இருப்பதால் ஒருவரின் குரல் இல்லாமல் போகாது என்பது அதன் அடிப்படை. என் தம்பி ஒருமுறை, "அந்தத் தாதியைப் பற்றி எழுதாத அக்கா, இரவில எனக்குத் தண்ணி தந்தது அவ மட்டுந்தான்" என்றான். அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன்.

முறைப்பாடு செய்தால் சிகிச்சையில் பழிவாங்குவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தைக் கடிதத்திலேயே எழுதலாம்: "இதனால் அவரது சிகிச்சை பாதிக்கப்படாது என்பதை உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்." அந்த ஒரு வரி பதிவில் இருப்பது பாதுகாப்பு.

படி 7: வெளியே போவது

உள்ளே பதில் கிடைக்காவிட்டால், துண்டு துண்டாகப் பிரித்து அனுப்பும் இடம் இதுதான்.

வைத்தியரின் தொழில் ஒழுக்கம் பற்றியது என்றால் இலங்கை மருத்துவ சபை. தனியார் இடத்தின் பதிவும் வசதியும் என்றால் ஒழுங்குறுத்தற் சபை. போதை நிலையம் என்றால் மேலே சொன்ன 1927. மருந்துக்கடை உரிமமோ மருந்தின் தரமோ என்றால் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. அலுவலகம் இழுத்தடிக்கிறது, பதிலே இல்லை என்றால் ஒம்புட்ஸ்மன் என்று சொல்லப்படும் நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர், அல்லது ஒரு பாராளுமன்ற உறுப்பினர் மூலம் பொதுமனுக் குழு.

அடி, கட்டிவைத்தல், காரணமில்லாமல் அடைத்து வைத்தல், மொழியாலோ இனத்தாலோ பாகுபாடு என்றால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. பம்பலப்பிட்டிப் பக்கம், ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில் இருக்கிறது, தொலைபேசி 1996. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், தடுத்து வைக்கப்பட்டிருக்கும் ஆட்களின் நலனை நேரில் போய்ப் பார்க்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்கிறது. முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை.

இங்கே ஒரு திகதியைத் தவறவிடாதீர்கள். அரச இடத்தில் அடிப்படை உரிமை மீறப்பட்டால் புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. வழக்கு எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் உடனே புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்; வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுவார்கள்.

படி 8: அவர்கள் கண்காணிக்கிறார்களா என்றும் கேட்கலாம்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நம்மவர்கள் காணி விடயத்துக்குத்தான் பாவிக்கிறார்கள். இதற்கும் பாவிக்கலாம். ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கிறார். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை. ஒழுங்குறுத்தற் சபையிடம்: இந்த விலாசத்தில் உள்ள நிறுவனம் இந்த வருடத்துக்குப் பதிவு புதுப்பித்திருக்கிறதா, எந்த வகையில், கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், அந்த அறிக்கையின் பிரதி தாருங்கள். அரச வைத்தியசாலையிடம்: நோயாளரைக் கட்டிவைப்பது பற்றிய எழுத்து மூல வழிகாட்டல் என்ன, கடந்த வருடம் எத்தனை முறைப்பாடுகள் வந்தன, எத்தனை முடிக்கப்பட்டன, தமிழில் எந்தெந்தப் படிவங்கள் இருக்கின்றன. இன்னொருவரின் மருத்துவப் பதிவைக் கேட்டால் தர மாட்டார்கள், அது நியாயம். அவருடைய எழுத்துச் சம்மதம் இருந்தால் கேட்கலாம். தம்பியின் பதிவுகளை அவனுடைய கையெழுத்தோடுதான் எடுத்தேன்.

அங்கொடை என்ற ஊர்ப்பெயரை நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில்கூடப் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வெட்கத்தில் நாம் கதவைச் சாத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க ஆள் இருக்காது. அதனால்தான் பார்வையாளர் நேரத்துக்குத் தவறாமல் போகச் சொல்கிறேன். யாராவது வந்து பார்க்கும் நோயாளியை விடுதியில் கூடுதல் கவனமாகப் பார்ப்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு அலுவலகத்திலும் கடிதம் கொடுத்ததும் கோப்பு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மூன்று வாரம் பொறுத்து அந்த இலக்கத்தைச் சொல்லிப் போன் பண்ணுங்கள், பேசியவரின் பதவியையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். தம்பிக்காக நான் வாங்கிய முதல் கொப்பி 80 பக்கம். இப்போது மூன்றாவதில் எழுதுகிறேன்.